கோளாறின் காரணம்

சத்தி ரோட்டிலிருந்து கணபதிக்குள் திரும்பும் ஒரு சந்தில் கதிரேசனின் பம்ப் கம்பெனி இருக்கிறது. முப்பத்திரண்டு பேர் வேலை செய்யும் இடம். அங்கே தயாராகும் ஒவ்வொரு பம்பும் வெளியே போவதற்கு முன் கனகத்தின் கையைத் தாண்டியாக வேண்டும். டெஸ்டிங் பெஞ்ச் அவர் பொறுப்பு. பம்பைத் தொட்டிமேல் பொருத்தி, குழாய் மாட்டி ஓட விடுவார். அது எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் பம்பைப் பெட்டியில் வைப்பார்கள்.

கனகத்துக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் தெலுங்கு, வெளியில் கோவைத் தமிழ். பதினெட்டு வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் சேர்ந்தார். மூன்றாம் வருடம் ஒரு நாள், முப்பதாம் நம்பர் நூல் கோன்களுக்கு நடுவே அதைவிட மெல்லிய நாற்பதாம் நம்பர் கோன்கள் பன்னிரண்டை அடுக்கிவிட்டார். கோனுக்குள் இருக்கும் குழாயின் நிறத்தைப் பார்த்துத்தான் நம்பரைப் பிரிப்பார்கள். அன்று வந்தவை சாயம் போன குழாய்கள். மத்தியானம் அவருக்கே சந்தேகம் வந்து பிரித்துப் பார்த்தார். வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. மேஸ்திரியிடம் தானே போய்ச் சொன்னார். ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் வேலை போய், சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அதே வருடம் ஒரு மூட்டையையே மாற்றி அனுப்பிய இன்னொருத்தி வாயைத் திறக்கவில்லை. அவள் கல்யாணம் ஆகும்வரை அங்கேயே வேலை பார்த்தாள். இதைப் பற்றிக் கனகம் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

கதிரேசனிடம் வந்து பத்தொன்பது வருடம். முதலில் வார்ப்புகளில் பிசிறு தட்டினார், பிறகு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினார். ஒன்பது வருடத்துக்கு முன் டெஸ்டிங் பெஞ்சுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கற்றுக்கொள்ள முன்வந்தவர் அவர் ஒருவர்தான். கணவர் சீனிவாசலு லேத் ஓட்டியவர். சர்க்கரையால் கால் விரல்கள் இரண்டை எடுத்த பிறகு ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். மகள் லாஸ்யா நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் நிலையான வேலை என்றால் கனகத்தின் வேலைதான்.

ஹர்ஷிணி இந்த வருடம் ஏப்ரலில் வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று வயது. வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா அப்பா இருவரும் தேயிலை பறிப்பவர்கள். எலக்ட்ரிகல் படித்துவிட்டு, கணபதியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்கு வந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முன் வேலையை உறுதி செய்வதாகக் கதிரேசன் சொல்லியிருந்தார். விடுதிச் சாப்பாட்டை அவளால் சாப்பிட முடியவில்லை என்று தெரிந்ததும் கனகம் கூடுதலாக ஒரு டப்பா குழம்பு கொண்டுவர ஆரம்பித்தார். டெஸ்டிங் அறையில் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஹர்ஷிணி அவரை அக்கா என்று கூப்பிட்டாள்.

பெஞ்சில் ஒரு தொல்லை இருந்தது. அளவுகளைச் சேகரிக்கும் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் போகிறது. சோதனை பாதி ஓடும்போது அந்த இணைப்பு திடீரென்று அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். கேபிளை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், தீரவில்லை. தப்பு மதர்போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் சிப்பில் என்று ஹர்ஷிணி கண்டுபிடித்தாள். அந்த சிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் சின்ன புரோகிராமுக்குத் திருத்திய பதிப்பு ஒன்றைப் போர்டு கம்பெனி வெளியிட்டிருந்தது. அதை ஏற்றிவிட்டால் சரியாகும். பம்ப் ஓடாத நாளில் செய்துவிடலாம் என்று ஆயுத பூஜைக் காலையைத் தேர்ந்தெடுத்தாள். கதிரேசனிடம் கேட்கவில்லை. பத்து நிமிட வேலைக்குக் கேட்க வேண்டுமா என்று நினைத்துவிட்டாள்.

கதிரேசனின் கம்பெனியில் ஆயுத பூஜை கண்டிப்பானது. முந்தைய நாளே எல்லா மெஷினையும் துடைத்து வைக்க வேண்டும். கற்பூரம் காட்டும்போது ஒரு மெஷினும் ஓடக் கூடாது, ஃபேன்கூடச் சுற்றக் கூடாது. வருடம் முழுக்க உழைத்த மெஷினுக்கு அந்தக் கொஞ்ச நேரமாவது முழு ஓய்வு வேண்டும் என்பார். மெயின் ஸ்விட்சை இறக்குவது பல வருடங்களாகக் கனகத்தின் வேலை. ஸ்விட்ச் போர்டு டெஸ்டிங் அறையில்தான் இருக்கிறது.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஹர்ஷிணி கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அதற்குள் வாசலில் கோலத்துக்குக் கலர் போட அவளைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, இது ஓடிட்டிருக்கு. அஞ்சு நிமிஷம். அணைஞ்சுடாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நான் இங்கதானே இருக்கேன், போ கண்ணு" என்றார் கனகம்.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியிலிருந்து கதிரேசன் குரல் கொடுத்தார். "கனகம், மெயினை எறக்கு அம்மணி. நல்ல நேரம் முடியுது."

கனகம் திரையைப் பார்த்தார். கோடு பாதிக்கு மேல் வந்திருந்தது. மெயினை இறக்கினாலும் யூபிஎஸ் கம்ப்யூட்டரை இருபது நிமிடம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். இறக்கினார். ஃபேன்கள் நின்றன. சாமிக்கு முன்னால் மற்ற எல்லாரும் கூடி நிற்க, மணி அடித்தது. அப்போது யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மற்ற நாட்களில் கம்பெனிச் சத்தத்தில் அது காதில் விழுந்ததே இல்லை. அன்று அந்த அமைதியில், ஷெட் முழுக்கக் கேட்டது. கதிரேசன் கற்பூரத் தட்டோடு திரும்பி டெஸ்டிங் அறைப் பக்கம் பார்த்தார். புருவம் நெரிந்திருந்தது.

கனகம் குனிந்து யூபிஎஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். சத்தம் நின்றது. திரையும் கறுப்பானது.

அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. அன்று முதல் பம்பை ஓட்டித்தான் வேலையைத் தொடங்குவார்கள். கதிரேசன் தன் கையால் ஸ்விட்ச் போட்டார். பம்ப் ஓடியது, தண்ணீர் விழுந்தது, திரையில் ஒரு எண்ணும் வரவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தில் எப்போதும் மினுக்கும் இரண்டு சின்ன விளக்குகளும் செத்துக் கிடந்தன.

ஹர்ஷிணி அதன் முன் உட்கார்ந்து சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சிப்புக்குள் புதுப் புரோகிராம் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றிருந்தது. ஒவ்வொரு நெட்வொர்க் சிப்புக்கும் பன்னிரண்டு எழுத்தில் தனி விலாசம் ஒன்று உண்டு. இந்த சிப்பின் விலாசமும் அழிந்து, அந்த இடத்தில் எட்டு எட்டாக வரிசையாக நின்றது. உள்ளே விலாசம் கெட்டுப்போனால் சிப்புகள் காட்டும் வெற்று எண் அது.

"வேற ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகிக்கலாமல்ல?" என்றார் கதிரேசன்.

"செருகலாம் சார். ஆனா டெஸ்டிங் சாஃப்ட்வேர் தொறக்காது. அது இந்த சிப்போட விலாசத்தைப் பார்த்துத்தான் தொறக்கும். லைசென்ஸ் அப்படி."

"அப்ப லைசென்ஸ் குடுத்தவங்கள்ட்ட கேளு."

"கேட்டேன் சார். புனேல ஒருத்தர் தனியா நடத்துன கம்பெனி. அவர் தவறிட்டார். மூடிட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ரெண்டு விஷயம் கெடைச்சா சரி பண்ணலாம் சார். இதே மாடல் போர்டுல இருந்து நல்ல காப்பி ஒண்ணு, அப்புறம் பழைய விலாசம். விலாசத்தைக் கம்ப்யூட்டர் பின்னால ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்காங்க. ஆனா எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு."

அந்த ஸ்டிக்கரைக் கனகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு பூஜைக்கும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் மேல்தான் பொட்டு வைப்பார்.

"நல்லா ஓடிட்டிருந்த பொருளு. விஜயதசமியன்னைக்கு மொத ஓட்டமே நின்னு போச்சு. யாரைக் கேட்டுத் தொட்டே நீ?" என்றார் கதிரேசன். அவர் கத்துகிறவர் அல்ல. மெதுவாகக் கேட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. "அடுத்த வியாழக்கெழமை பம்ப்பைச் சோதிச்சு எடுக்க இன்ஸ்பெக்டர் வாராரு. நூத்தி நாப்பது பம்ப்பு நிக்குது. இனி நீ அதைத் தொட வேண்டாம்."

கனகம் தொட்டியின் அருகில் நின்று, ஏற்கெனவே துடைத்த குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிங்காநல்லூர் மில்லின் கேட்டுதான் கண் முன்னால் நின்றது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி, கனகத்தோடு காந்திபுரத்துக்கு அனுப்பினார் கதிரேசன். மாடியில் ஒரு சின்னக் கடை, போர்டுகளைப் பிரித்து சிப் வரை சரி செய்யும் தீபக் என்பவருடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே பேசுவார்.

போர்டைத் திரையில் இணைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க்கா, உங்க மெஷினுக்கு எல்லாமே எட்டா இருக்குதுங்க. எட்டு ஆகாதுன்னு எங்கம்மா வண்டி நம்பரையே மாத்தச் சொன்னவங்க. இதைப் பாத்தா மயக்கம் போட்டுருவாங்க."

"சரியாகுங்களா?"

"ஆகுமுங்க. இதே போர்டு ஒண்ணு என்கிட்ட கெடக்குது, அதுல இருந்து காப்பி எடுத்துக்கலாம். ஆனா அதையே அப்படியே எழுதுனா அதோட விலாசம்தான் வரும். உங்களோடது வேணுமே. எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

தீபக் அலமாரியிலிருந்து பழைய போர்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர், பன்னிரண்டு எழுத்து. "இந்த மாதிரி இருக்கும் பாருங்க. மொத ஆறு கம்பெனிக்குப் பொது. கடைசி ஆறுதான் உங்களுக்குன்னு தனி."

கனகம் அந்த ஸ்டிக்கரை ஒரு முறை பார்த்தார், பிறகு மறுபடி பார்த்தார். முதல் ஆறு எழுத்தும் அவருக்குப் பழக்கமானவை. ஒவ்வொரு டெஸ்ட் ரிப்போர்ட்டின் அடியிலும் பெஞ்ச் நம்பர் என்று மிகச் சிறிய எழுத்தில் அச்சாகும் வரிசை அப்படித்தான் தொடங்கும். அதைப் பம்ப் வெளியே போவதற்கான கேட் பாஸில் கையால் எழுதுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக, நாளுக்கு இருபது முப்பது தடவை. அது கம்ப்யூட்டரின் விலாசம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதை எழுதுகிறவர் கனகம் ஒருவரே என்பதால் ஹர்ஷிணியும் கவனித்ததில்லை.

"எழுதிக்குங்க" என்றார். காகிதம் எதையும் பார்க்காமல் பன்னிரண்டையும் சொன்னார். கடைசி ஆறு: மூணு, சி, ஒம்போது, ஜீரோ, ஏ, ஏழு.

தீபக் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "இதை மனப்பாடமா வெச்சிருக்கற ஆளை நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப்பின் மேல் கிளிப்பைக் கவ்வ வைத்து, முதலில் கெட்டுப்போனதையே ஒரு பிரதி எடுத்து வைத்தார். நல்ல பிரதியில் விலாசத்தை மாற்றி எழுதினார். எழுதிய எண்களையெல்லாம் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட தொகை வர வேண்டும், வராவிட்டால் சிப் அதை நம்பாது என்றார். முதல் முறை வரவில்லை. ஏதோ ஓர் இடத்தைத் திருத்தினார். மறுபடி எழுதி, கேபிளைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

கனகம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தீபக் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். மாடல், கோளாறு, செய்த வேலை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன போடட்டும்? கம்ப்யூட்டர் பதிவுல பாத்தேன், அப்டேட் ஓடும்போது பொசுக்குன்னு அணைஞ்சிருக்குது. யூபிஎஸ் இல்லீங்களா?"

"இருக்குது."

"அப்பறம் எப்படிங்க அணையும்? பேட்டரி போச்சா?"

தீபக் பேனாவோடு காத்திருந்தார். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது.

"அப்டேட் பண்ணதுல கோளாறுன்னு போட்டுருங்க" என்றார் கனகம்.

அதுவரை அவர் வாயைத் திறக்காமல்தான் இருந்தார். இப்போது அவர் சொன்ன வாக்கியமே காகிதத்தில் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பம்ப் ஓடியது, எண்கள் வந்தன. பதினோரு மணி டீ நேரத்தில் கதிரேசன் ஷெட்டுக்கு வந்தார். அவர் அப்படி வருவது அபூர்வம்.

"கனகத்தைப் பாருங்க. படிச்சவங்க கெடுத்து வெச்சதைப் பன்னெண்டாவது படிச்சவங்க சரி பண்ணிப்போட்டு வந்துட்டாங்க. நம்பரையே நெஞ்சுல வெச்சிருக்குது. வேலை பாக்கறதுன்னா இப்படிப் பாக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். காயில் சுற்றும் பிரிவிலிருந்து மயிலாத்தாள் எழுந்து வந்து கனகத்தின் கையில் தன் பங்கு வடையை வைத்தார். "இந்தா, இஞ்சினியரம்மா, தின்னு" என்றார். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். ஹர்ஷிணி சுவர் ஓரமாக டம்ளரோடு நின்றாள். அவளும் சிரிக்க முயன்றது தெரிந்தது. அன்று சாயங்காலமே கதிரேசன் அவளைக் கூப்பிட்டு, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த நாட்களில் கனகம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று தெலுங்கில், "ஏமைந்தி?" எனச் சீனிவாசலு இரண்டு தடவை கேட்டார். ஒன்றுமில்லை என்றார். குழம்பு டப்பாவை மட்டும் தினமும் கொண்டுபோனார். ஹர்ஷிணி வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாள், கழுவிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹர்ஷிணி தன் மேசையைக் காலி செய்து, சாவிகளைக் கனகத்திடம் கொடுத்தாள்.

"நாளைக்கு அரை நாள்தான் வருவேன் அக்கா. மத்தியானம் உக்கடம் போய் பஸ் ஏறிடுவேன்."

"வால்பாறைக்கா?"

"பொள்ளாச்சி போய் மாறணும்." சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் நின்றாள். "வீட்ல இன்னும் சொல்லல. வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு அம்மா லைன்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்காங்க. ஆறு மாசத்துல நிறுத்திட்டாங்கன்னா அடுத்த கம்பெனில ஏன்னு கேப்பாங்க. மெஷினைக் கெடுத்தேன்னு சொல்லணும்."

கனகம் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும் அக்கா. அன்னைக்கு ரெண்டு நிமிஷத்துல அணைஞ்சிருக்கு. கையால அமுக்குனாத்தான் அப்படி அணையும். ரூம்ல இருந்தது நீங்க மட்டும்தான்." குரலில் கோபம் இல்லை. "எனக்கு விஜயதசமியன்னைக்கே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்குப் பெரியவங்க மேல பழி போடறேன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க சொன்னாத்தான் அது நிக்கும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை கனகம் கம்பெனிக்குப் போகாமல் நேராகக் காந்திபுரம் போனார். தீபக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. ரிப்போர்ட்டை மாத்தி எழுதோணும். காரணம் தப்பா சொல்லிப்போட்டேன்."

என்ன எழுத வேண்டும் என்று சொன்னார். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மெயினும் யூபிஎஸ்ஸும் அணைக்கப்பட்டன, அணைத்தவர் கனகம். தீபக் பேனாவை நிறுத்தினார். "பேரெல்லாம் வேணுமுங்களா? இது மெஷினுக்கு எழுதற ரிப்போர்ட்டுங்க."

"வேணுமுங்க."

அவர் எழுதினார். கேலி எதுவும் செய்யவில்லை.

கதிரேசன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"பயமுங்க."

"எனக்கா? பத்தொம்பது வருசமா இருக்கற. உன்னைய நான் என்ன பண்ணிருவேன்?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மெயினை எறக்கச் சொன்னது நானு. அது கத்துனப்ப திரும்பிப் பாத்ததும் நாந்தான். சரி, விடு. இதை இத்தோட வெச்சுக்க. வேலையைப் பாரு."

கனகம் நகரவில்லை. இத்தனை வருடம் அவர் பயந்த விஷயம் இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த லேசான மன்னிப்பு அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அந்தப் புள்ளையோட வேலைங்க?"

"அதுகிட்ட நின்னுக்கச் சொல்லியாச்சு. என்னைக் கேக்காமத் தொட்டதும் தப்புத்தானே? எல்லார்த்து முன்னாலயும் ஒண்ணு பேசிப்போட்டு, இப்ப நான் மாத்திப் பேசோணுமா?"

"நீங்க பேச வேண்டாமுங்க. நான் பேசிக்கிறேன்."

"கனகம்" என்றார் கதிரேசன். அதற்குள் கனகம் வெளியே வந்துவிட்டார்.

பதினோரு மணிக்கு எல்லாரும் டீக்குக் கூடியிருந்தார்கள். கனகம் கேனுக்குப் பக்கத்தில் நின்று, தன்னிடம் டம்ளரை நீட்டியவரிடம் வேண்டாம் என்றார். பேசிப் பழக்கம் இல்லாததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பூஜையன்று யூபிஎஸ்ஸை அணைத்தது தான்தான் என்றார். அணைக்க வேண்டாம் என்று ஹர்ஷிணி சொல்லிவிட்டுத்தான் போனாள் என்றார். கம்ப்யூட்டர் கெட்டது அதனால்தான், செவ்வாய்க்கிழமை வடையை வாங்கித் தின்றபோதும் அது தனக்குத் தெரியும் என்றார். அதற்கு மேல் வரவில்லை.

மயிலாத்தாள்தான் கேட்டார். "ஏனம்மணி, அந்தப் புள்ளை செவுத்தோரம் நின்னுக்கிட்டிருந்துச்சே, அப்பக்கூட உனக்கு வாய் வரலையா?"

"வரலீங்க" என்றார் கனகம்.

மயிலாத்தாள் தலையைத் திருப்பிக்கொண்டார். ஹர்ஷிணி அறை வாசலில் பையோடு நின்றிருந்தாள். கதிரேசன் தன் அறையிலிருந்து வந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். ஹர்ஷிணியிடம், "திங்கக்கெழமை புது மோட்டார் லாட்டு வருது. நீ இரு. லெட்டர் ரெடி பண்ணச் சொல்றேன்" என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

ஹர்ஷிணி உடனே சரி என்று சொல்லவில்லை. "அந்த சர்வீஸ் ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்" என்றாள். எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பையைத் தன் மேசைக்கு அடியில் வைத்தாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு வேலை உறுதியான லெட்டர் வந்தது. கனகத்துக்கும் வேலை போகவில்லை. கேட் பாஸில் பன்னிரண்டு எழுத்தையும் முன்பு போலவே பார்க்காமல் எழுதுகிறார். மயிலாத்தாள் பேச ஒரு மாதம் ஆனது. ஹர்ஷிணி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருமுனை மெஸ்ஸில் சொல்லி வைத்துவிட்டாள். "சிரமம் வேண்டாம் மேடம்" என்று மரியாதையாகச் சொன்னாள். கனகம் இரண்டு நாள் குழம்பைக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் கொண்டுபோகவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னும் ஹர்ஷிணி ஒரு தாளை நீட்டுகிறாள். என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிவரை அணைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அடியில் கனகம் என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். கனகம் ஒவ்வொரு முறையும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு அந்த நேரம் முடியும்வரை அறையை விட்டு வெளியே போவதில்லை.